அம்பாசிடர் டீசலுக்கு நாசில் தேடிய கதை

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1987-ஆம் வருஷத்து மார்க் 4, டீசல் வண்டி. அப்பா குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த காலத்தில் வாங்கியது. டிக்கியைத் திறந்தால் இன்றைக்கும் ஷீட் வாடை அடிக்கும். அந்த வாடைக்காகவே நான் இந்த வண்டியை விற்கவில்லை.

போன ஆனிச் சாரலில் காலை ஸ்டார்ட்டிங் தகராறு செய்ய ஆரம்பித்தது. சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டரைப் போட்டுப் பொறுத்திருந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வெள்ளைப் புகை மட்டும் வரும். ஒருவழியாகப் பிடித்தாலும் ஒரு சிலிண்டர் மட்டும் டொக் டொக்கென்று தட்டும். பேட்டரி நன்றாக இருந்தது. ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தேன், நான்கும் சிவந்தன.

அப்புறம் பழைய முறையில் சோதித்தேன். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் லூஸ் செய்ய வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் உடனே இன்ஜின் தள்ளாடும். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றை லூஸ் செய்தபோது தள்ளாடியது. மூன்றாவதை லூஸ் செய்தபோது ஒரு அசைவும் இல்லை. ஆள் அதுதான்.

ஒன்று போனால் நான்கையும் மாற்றுவதே நல்லது என்று முடிவு செய்தேன். எதை வாங்குவது? சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜெக்டர் கிடைக்கும், ஆனால் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியதோ தெரியாது. இன்ஜெக்டரின் உடலான ஹோல்டரை அப்படியே வைத்துக்கொண்டு, டீசலைப் பீய்ச்சும் முனையான நாசிலை மட்டும் மாற்றலாம். அல்லது முழு செட்டாகப் புதிது வாங்கலாம். நான் முழு செட்டை வாங்கினேன். ‘அம்பாசிடர் டீசல்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தது, வந்தவையும் பளபளவென்று இருந்தன.

மாட்டி ஓட்டினால் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. தட்டல் நின்றுவிட்டது, தக்கலை ஏற்றத்தில் இழுவையும் கூடியிருந்தது. ஆனால் மறுநாள் காலையில் ஸ்டார்ட்டிங் முன்பைவிட மோசம். பகலில் நன்றாக ஓடுகிற வண்டி காலையில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று இரண்டு வாரம் புரியவில்லை.

கடைசியில் நாகர்கோவிலில் டீசல் பம்ப் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சியிடம் போனேன். சின்னமுட்டம், குளச்சல் வள்ளங்களுக்கும் லாரிகளுக்கும் பம்ப் பார்க்கிறவர். புது இன்ஜெக்டரின் நாசிலைக் கழற்றி, டீசலில் கழுவி, லென்ஸ் வழியாக ஒரு நிமிஷம் பார்த்தார். “மக்கா, இது உனக்க இன்ஜினுக்குள்ளது இல்ல கேட்டியா” என்றார். பிறகு என் பழைய நாசில் ஒன்றை எடுத்து முனையைக் காட்டினார். நடுத் துளைக்குப் பக்கத்தில் சாய்வாக, ஊசி முனை அளவில் இன்னொரு துளை இருந்தது. புதியதில் அது இல்லை.

விஷயம் இதுதான். அம்பாசிடரின் பழைய 1489 சிசி டீசல் இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனி வடிவமைத்தது. அதில் வருவது பின்டாக்ஸ் வகை நாசில். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் நாசிலின் ஊசி கொஞ்சமாகத்தான் எழும். அப்போது டீசல் பெரும்பாலும் அந்தப் பக்கத் துளை வழியாக, டீசல் எரியும் அறைக்குள் காற்று சூடாக இருக்கும் இடத்தைப் பார்த்துப் பாயும். வேகம் கூடியதும் ஊசி நன்றாக எழுந்து, நடுத் துளை வேலையை எடுத்துக்கொள்ளும். எனக்கு வந்தது பக்கத் துளை இல்லாத சாதாரண பின்டில் நாசில். அளவு ஒன்றாக இருப்பதால் ஹோல்டருக்குள் கச்சிதமாக உட்காரும், ரோட்டில் ஓடவும் செய்யும். காலையில்தான் குட்டு வெளிப்படும்.

இது பிரிட்டனில் கால்வாய்ப் படகுகளிலும் நிறைய ஓடிய இன்ஜின். அதனால் சரியான நாசில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பின்டாக்ஸ் என்று பெயர் சொல்லியே நான்கு நாசில் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்தத் துளையைத்தான் தேடினேன். ஹோல்டர்கள் என் பழையவையே. அவற்றில் ஒரு பழுதும் இல்லை என்று அண்ணாச்சி சொன்னார்.

அண்ணாச்சி நாசில்களை டெஸ்டரில், அதாவது அவற்றைச் சோதிக்கும் கைப் பம்ப்பில், போடும்போது பக்கத்திலேயே நின்றேன். இந்த இன்ஜினுக்கு 135 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் நாசில் திறக்க வேண்டும். ஹோல்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகித் திருகி நான்கையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் சாய்வாக ஒரு மெல்லிய நூல். வெடுக்கென்று அழுத்தினால் கர்ர் என்ற சத்தத்தோடு நேராக ஒரு புகைக் கூம்பு. நின்றபின் முனையில் சொட்டு தொங்கக் கூடாது. நான் கையை நீட்டிக் குனிந்து பார்க்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். யாரும் விளையாட்டாகக்கூடக் கை நீட்டாதீர்கள். நாசிலின் உடம்பும் ஊசியும் ஜோடியாகத் தேய்த்துச் செய்யப்படுபவை. கழுவும்போது ஒன்றின் ஊசி இன்னொன்றுக்கு மாறிவிடவும் கூடாது.

மாட்டுவதை வீட்டிலேயே செய்தேன். செம்பு வாஷர் எல்லாம் புதிது. ஒவ்வொரு இன்ஜெக்டரையும் பிடிக்கும் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் இன்ஜெக்டர் கோணலாக உட்கார்ந்து கம்ப்ரஷன் கசியும். ஃபில்டரிலும் பம்ப்பிலும் ஏர் எடுத்துவிட்டு, இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளில் டீசல் எட்டிப் பார்க்கும்வரை சுற்றி, பிறகு இறுக்கினேன்.

மறுநாள் காலையிலும் மழைதான். ஹீட்டர் போட்டு, சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.