உப்புவெளித் தொட்டிகள்: கச்சான் கால நாட்குறிப்பு

யூன் 6

திருகோணமலைக்குப் பக்கத்தில் எங்கள் உப்புவெளியில் கச்சான், அதாவது சூடான தென்மேற்குக் காற்று, அடிக்கத் தொடங்கிவிட்டது. மத்தியானம் என் மீன் தொட்டித் தண்ணீர் 32 பாகைக்கு ஏறிவிட்டது. சூடு கூடக் கூட நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். கப்பி மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வேகமாகச் செவுள் அடித்தன. மேற்குச் சுவரோரத் தொட்டிகளுக்கு முன்னால் நனைத்த சாக்குக் கட்டி, கண்ணாடி மூடிகளை எடுத்து வலை போட்டு, தண்ணீரை வடிக்கும் ஸ்பொஞ்ச் பில்டருக்குக் காற்றைக் கூட்டினேன். கரண்ட் போனால் உதவும் என்று பற்றரிப் பம்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

கிணறு உவர்க்கிறது. தேத்தண்ணிக்கு ஆகாது என்று அம்மா முகம் சுளிக்கிறா. மொலி மீன்களுக்கோ இதுதான் நல்ல காலம். உப்புச் சேர்ந்த கடின நீரில்தான் அவை செட்டையை முழுதாக விரித்து நிற்கும்; மெல்லப் பழக்கினால் கடல்நீரிலேயே வாழும்.

யூன் 10

பக்கத்து வீட்டு மாமா வந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “ஏன் பிள்ளை இத்தனை தொட்டி? எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா வேலை குறையுமே?”

குட்டி போடும் மீனைப் பெருக்க ஒரு வாளியே போதும், மாமா. பெருகுவதை அவை தாமே பார்த்துக்கொள்ளும். நான் தொட்டி வைத்திருப்பது பிரித்து வைக்கத்தான். கப்பிப் பெட்டை ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தைத் தன் உடலில் மாதக்கணக்காகச் சேமித்து வைத்து, ஆணே இல்லாத தொட்டியில் ஈற்றுக்கு மேல் ஈற்றாகக் குட்டி போடும். கடையில் வாங்கிய பெட்டையின் குட்டிகளுக்கு யார் தகப்பன் என்று எப்படிச் சொல்வது?

பிளாட்டி மீனையும் வாள்வால் மீனையும் ஒன்றாக விடாததற்குக் காரணம் இன்னும் பெரியது. இரண்டும் ஒரே பேரினம், கலந்துவிடும். 1920களின் கடைசியில் மைரன் கோர்டன், குர்ட் கொஸ்விக் என்ற மரபியல் ஆய்வாளர்கள் கரும்புள்ளிப் பிளாட்டியை வாள்வாலோடு கலந்து, அந்தக் கலப்பை மறுபடி வாள்வாலோடு சேர்த்தபோது, குட்டிகள் சிலவற்றில் அந்தக் கரும்புள்ளியே புற்றாக வளர்ந்தது. பிளாட்டியில் அந்த நிறத்தை அடக்கி வைத்திருந்த மரபணு கலப்பில் விடுபட்டுப் போனதுதான் காரணம். மாமா இதைக் கேட்டு வாள்வால் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

யூன் 18

கறுத்தக் கப்பிப் பெட்டை காலையிலிருந்து மூலையை விட்டு அசையவில்லை. வயிறு சதுரமாகிவிட்டது. குட்டிபோடும் வலைப்பெட்டிக்குள் அதை அடைக்க எனக்கு மனமில்லை. பயத்தில் மஞ்சட்கரு ஒட்டியபடியே குறைக்குட்டி போட்டுவிடும். ஜாவா மொஸ், வேலம்பாசி என்ற நீர்ச்செடிகள் நெருக்கமாக இருந்தால் குட்டிகள் தாயின் வாயில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும்.

யூன் 19

36 குட்டிகள். அதில் 8 சிவப்புக் கண்!

இதற்காகத்தான் தையிலிருந்து காத்திருந்தேன். என் அல்பினோச் சிவப்புக் கப்பிகள் (கறுப்பு நிறமி இல்லாத, சிவப்புக் கண் உள்ளவை) சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து மெலிந்துகொண்டு வந்தன. ஆகவே ஒரு அல்பினோ ஆணை வேறு வழி வந்த கறுத்தப் பெட்டையோடு விட்டேன். முதல் தலைமுறையில் எல்லாக் குட்டிக்கும் கறுப்புக் கண்தான். அல்பினோத் தன்மை ஒடுங்கிய இயல்பு. தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். இப்போது குட்டி போட்டது அந்தத் தலைமுறைப் பெட்டைதான். அந்தத் தலைமுறையின் அண்ணன் தங்கையைச் சேர்த்தால் நாலில் ஒன்று திரும்பி வரவேண்டும். 36க்கு 9 கணக்கு, 8 வந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் பட்டாணிச் செடியில் படித்ததை என் தொட்டியில் கண்ணால் காண்பது இன்னொரு மகிழ்ச்சி.

எட்டையும் உடனே வேறாக்கினேன். வெளிச்சத்தில் கண் கூசும், இரைக்குப் போட்டி போடாது.

யூன் 20

குட்டிகளுக்கு இரையாக ஆர்ட்டீமியா என்ற மிகச் சின்ன உப்புநீர் இறாலைப் பொரித்தாயிற்று. இந்த ஊரில் அதற்கு உப்புக் கரைக்கத் தேவையில்லை. கடற்கரையில் போத்தலில் அள்ளி, துணியில் வடித்து, முட்டை தூவிக் காற்று விட்டால் இந்தச் சூட்டுக்கு ஒரு நாள் போதும். பிறகு காற்றை நிறுத்தி, போத்தலின் அடியில் ஒரு விளக்கைப் பிடிக்க, கோதுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்துக்கு இறங்கி வரும். உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி உடனே கொடுத்துவிட வேண்டும். நேரம் போனால் அவற்றின் சத்து குறைந்துவிடும். கொடுத்த கொஞ்ச நேரத்தில் எட்டின் வயிறும் செம்மஞ்சளாக உப்பியிருந்தது.

யூலை 3

மொலி, கப்பி, தண்ணீர் மாற்றல். எல்லாம் சுகம்.

மாலையில் மாமாவின் பேரன் வந்தான். “அக்கா, மிச்சக் கப்பிய குளத்துல விடுவமா? நுளம்பத் திண்ணுமே.” நுளம்புக்காகத்தான் கப்பியைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள், இலங்கைக்கும். ஆனால் அது தென்னமெரிக்க மீன். சினைப்பட்ட பெட்டை ஒன்று தப்பினாலே குளம் முழுக்க நிறைந்துவிடும். நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்ன மேல்மட்டத்தில் திரியும் எங்கள் ஊர்ச் சின்ன மீனும் நுளம்புக் குடம்பியை விரும்பித் தின்னும். அதன் இடத்தைப் பறிக்க நாங்கள் யார்? அவன் வீட்டுச் சீமெந்துத் தொட்டிக்கு ஆண் கப்பி மட்டும் ஆறு கொடுத்தேன். நுளம்பும் குறையும், பெருகவும் மாட்டா.

யூலை 12

இன்று எட்டு அல்பினோக் குட்டிகளையும் ஆண், பெட்டை என்று பிரிக்கும் நாள். நாலு கிழமைக்குள் செய்தாக வேண்டும். பிந்தினால் தங்கைகள் சினைப்பட்டுவிடும். ஆணுக்கு அடிச் செட்டை ஒடுங்கிக் குச்சிபோல் நீளும், பெட்டைக்கு விசிறியாகவே இருக்கும், வயிற்றின் பின்பக்கம் சினைப்பொட்டு தெரியும். அல்பினோவில் அந்தப் பொட்டுக் கறுப்பாக இராது, ஆகவே செட்டையைத்தான் நம்பினேன். மூன்று ஆண், ஐந்து பெட்டை. ஒரு பெட்டைக்கு முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது. அதை மொலித் தொட்டியில் விடுவேன், அங்கே சுகமாக வாழட்டும், இந்த வழியைப் பெருக்க எடுக்கமாட்டேன்.

மீதி நாலு பெட்டையும் குசினிப் பக்கத்துத் தொட்டியில் தனியே இருக்கின்றன. வாடை தொடங்க முன் வேறு வழி அல்பினோ ஆண் ஒன்று தேட வேண்டும்.