ரெண்டு செவ்வாய் பாக்கி

"அந்தோணியாருக்கு ரெண்டு செவ்வா பாக்கி கீதுடா."

குழம்பு கொதிக்கும்போது அம்மா சொல்வார். டிவியில் விளம்பரம் ஓடும்போது சொல்வார். ஒருமுறை முழங்கால் டாக்டர், "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டதற்கும் இதையே சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன்.

அம்மா முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எவ்வளவு நிற்கிறது, வட்டிக்காரரிடம் எவ்வளவு அடைத்தோம், மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் விரல் கணுவில் இருக்கும். பாக்கி வைத்துக்கொண்டு தூங்கத் தெரியாத மனுஷி. அந்தக் கணக்கில் அடைபடாமல் நின்றது இது ஒன்றுதான்.

2019 டிசம்பர் 20 அன்று என் மகன் ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். ஒரு கிலோ முந்நூறு கிராம். இன்குபேட்டருக்குள் அவன் விலா ஏறி இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்த அம்மா, பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்தார். அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் பதின்மூன்று செவ்வாய் வருவதாக நேர்ச்சை. 2020 ஜனவரி 7 முதல் செவ்வாய். நாலாவது செவ்வாய்க்கு மறுநாள், நாற்பது நாள் கழித்து, பிள்ளை வீட்டுக்கு வந்தான். கேட்டது கிடைத்ததே என்று நிறுத்துகிற ஆள் இல்லை அம்மா. தொடர்ந்து போனார். மார்ச் 17 பதினோராவது செவ்வாய். மார்ச் 24 அன்று பூவெல்லாம் வாங்கிக் கிளம்பி நின்றவரை நான்தான் தடுத்தேன். அன்று மாலை ஆறு மணிக்கு 144. ராத்திரி எட்டு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள். பூவை வீட்டு சுரூபத்துக்கே போட்டார்.

அதற்கப்புறம் 2021இல் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிக்கொண்டன. இதெல்லாம் காரணம்தான். உண்மையான காரணம் நான். என் ஆபீஸ் தம்புச் செட்டித் தெருவில். கோயில் ரெண்டு தெரு தள்ளி. மத்தியானம் டீ குடிக்கப் போகிற தூரம். பதினாறு வருஷமாக அந்தப் பக்கம் போய்வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை உள்ளே போனதாக ஞாபகம்.

இந்தத் தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனிய வணிகர்கள் இருந்த தெரு. அவர்கள் 1772இல் கட்டிய கோயில் இன்னும் அங்கே இருக்கிறது. ஆர்மீனியன் என்பது நம் ஜனங்களின் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். பதுவா நகரத்துப் பரதேசி ஒருவர் அரண்மனைக்காரனாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க் கூட்டம் தெரிந்ததுதான். சரக்கு ஏற்றிய மீன்பாடி வண்டி ஒரு பக்கம், வக்கீல்களின் ஸ்கூட்டர்கள் ஒரு பக்கம், நடுவில் ஜனம். பொட்டு வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள், கழுத்தில் ஜெபமாலை போட்டவர்கள் எல்லாரும் ஒரே இடியில். தெருமுனையில் ஒருவர் மெழுகுவத்தி பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு, வாங்காமல் நகர்ந்தால் சாபம் விடுகிற மாதிரி பார்த்தார். இன்னொருவர், "சார், நூறு ரூபா குடு, வரிசையில நிக்காம நேரா உள்ள வுடறேன்" என்றார். கோயிலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அவர் தெருவிலேயே நின்றதில் தெரிந்தது. அந்தோணியார் செத்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அடக்கம் பண்ணியது செவ்வாய். அதனால்தான் செவ்வாய். ஒரு நாள் தள்ளி புதன்கிழமை அடக்கம் பண்ணியிருந்தால் டிராஃபிக் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்று அந்த இடிபாட்டில் அசட்டுத்தனமாகத் தோன்றியது.

மன்றாட்டை முடித்துக்கொண்டு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். ஏழு வருஷத்துக்கு அப்புறம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கடைசியில் அம்மாவின் பாக்கியையும் சொன்னேன். "சாமி, இன்னைக்கு நான் வந்தது அம்மா கணக்குல சேருமா? இல்ல, அஞ்சு வருஷம் இடைவெளி விழுந்ததால முதல்ல இருந்து பதிமூணும் செய்யணுமா?"

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் மெல்லச் சிரித்தது கேட்டது.

"அந்தோணியார் என்ன கணக்குப்பிள்ளையா? இன்னைக்கு ஒண்ணு ஆச்சு. அடுத்த செவ்வாய் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, முடிஞ்சுது." அப்புறம் பாவப்பரிகாரம் சொன்னார். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "திருப்பாடல் 116. தினமும் ராத்திரி அம்மாவுக்கு வாய்விட்டுப் படிங்க. ஏழு நாளும் அதே பாட்டு. அவசரப்படாதீங்க. படிங்க, மாடு மாதிரி அசைபோடுங்க, தோணுறதை ஆண்டவர்கிட்ட சொல்லுங்க, அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

இந்த நாலு படியும் 12ஆம் நூற்றாண்டில் கீகோ என்ற துறவி ஏணி மாதிரி அடுக்கி எழுதி வைத்தது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஏழு நாள் ஒரே பாட்டா?

திருப்பாடல் என்றால் பைபிளில் இருக்கிற சங்கீதம். வீட்டில் திருவிவிலியத்தைத் தேடினேன். பூசையில் வாசகம் கேட்பதோடு என் வேத அறிவு முடிந்தது. பீரோவுக்கு மேலே, கல்யாண ஆல்பத்துக்குக் கீழே, ஞானஸ்நானச் சான்றிதழ்களை மடங்காமல் வைத்துக்கொள்ளும் வேலையை அது செய்துகொண்டிருந்தது. என் மனைவி சி.எஸ்.ஐ. குடும்பம், புராட்டஸ்டன்ட் சபை. அவளுடைய பைபிள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும், ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்து. "மாலை போடுவீங்க, மெழுகுவத்தி ஏத்துவீங்க, காசிமேட்டுல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடப்பீங்க. இதைத் திறக்க மட்டும் உங்க ஆளுங்களுக்குக் கை வராதே" என்று தூசியைத் தட்டிக் கொடுத்தாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் ராத்திரி படித்தேன். பத்தொன்பதே வசனம். 'சாவின் கயிறுகள்' என்று வந்த இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கயிறுன்னா போட்டுக்குது?"

ஆமாம் என்றேன். மனைவி தன் பைபிளில் பார்த்து, "எங்களுதுல மரணக்கட்டுகள்னு இருக்கு அத்தை" என்றாள்.

"கயிறுதான் சரி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் அம்மா. அப்புறம் எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னால், ராத்திரி வலை விடும்போது ஓடுகிற கயிறு அப்பாவின் கணுக்காலில் சுருக்கு விழுந்து, ஆளையே கடலுக்குள் இழுத்துவிட்டதாம். கூட இருந்தவர் கத்தியால் கயிற்றை அறுத்ததால் தப்பினார். அப்பாவின் இடது கணுக்காலில் வளையம் போட்ட மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறேன். செருப்பு கடித்தது என்றே சொல்லி வைத்திருந்தார்கள். "இத்த எழுதினவன் கடலுக்குப் போனவனா?" என்று கேட்டார் அம்மா. தெரியாது என்றேன். அன்றைக்குச் சும்மா இருக்கும் படி தானாகவே வந்துவிட்டது.

எல்லா நாளும் அப்படி இல்லை. மூன்றாம் நாள் தூக்கம் வந்தது. நாலாம் நாள் கிரிக்கெட். ஐந்தாம் நாள் ஆபீஸில் ஒரு கன்டெய்னர் சிக்கலில் தலைவலியோடு வந்து, நடுவில் நாலு வசனத்தைத் தாண்டிவிட்டேன். அம்மா கண்ணை மூடியபடியே, "அந்தக் கிண்ணம் வர்லியே" என்றார்.

மீட்பின் கிண்ணத்தைக் கையில் எடுக்கிற வசனம். எழுத்தே தெரியாதவரிடம் பிடிபட்டேன். திரும்ப முதலிலிருந்து படித்தேன். ஆண்டவர் செய்த நன்மைக்கெல்லாம் என்ன கைம்மாறு செய்வேன் என்ற வரி அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அதுவரை என் வாயில் மட்டுமே இருந்திருக்கிறது. அடுத்த அறையில் மகன் வாயைத் திறந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், விலா நன்றாக ஏறி இறங்க.

நிமிர்ந்தபோது அலமாரியில் எங்கள் வீட்டு அந்தோணியார் சுரூபம். கையில் குழந்தை இயேசு. குழந்தை உட்கார்ந்திருப்பது ஏதோ பலகை என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். அது புத்தகம். அம்மா சின்ன வயதில் சொன்ன கதை அப்போது ஞாபகம் வந்தது. மடத்தை விட்டு ஓடிப்போன இளம் துறவி ஒருவன் அந்தோணியாருடைய சங்கீதப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவர் ஜெபித்தார், அவன் மனம் மாறிக் கொண்டுவந்து கொடுத்தான். அதிலிருந்துதான் தொலைந்துபோன கம்மல், சாவி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓடுகிறோம். அவர் தொலைத்தது இந்தப் பாட்டுப் புத்தகத்தை. நான் தொலைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பீரோ மேலே வைத்து மறந்துபோனேன்.

அடுத்த செவ்வாய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் பதினொரு செவ்வாயும் போனது பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும். 2021இல் மெட்ரோ எங்கள் பக்கம் வந்துவிட்டது. புதுவண்ணாரப்பேட்டையில் லிஃப்டில் மேலே ஏறி, ஏசியில் உட்கார்ந்து, உயர் நீதிமன்ற ஸ்டேஷனில் லிஃப்டில் ஏறி வெளியே வந்ததும், "இது இருக்கும்போதா அஞ்சு வருசம் முட்டியைக் காட்டி ஏமாத்துன?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஆரோக்கியமானவனுக்குப் பத்து நிமிஷம். எங்களுக்கு முக்கால் மணி நேரம். ஆட்டோ வேண்டாம் என்று பிடிவாதம். நாலு இடத்தில் நின்றோம். ஒரு பேப்பர் கடைக்காரர் ஸ்டூல் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தார். நூறு ரூபாய்க்காரர் அன்றும் இருந்தார். அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கூட்டத்தை விலக்கி வழி விட்டார். போன வாரம் அவரைப் பற்றி நினைத்ததை மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன், பாதியளவு.

அந்தோணியார் முன்னால் போய் நின்றோம். பின்னாலிருந்து தள்ளினார்கள். "நகருங்க, நகருங்க" என்று யாரோ சொன்னார்கள். அம்மா நகரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். புடவைகள் மாற மாற அந்த நோட்டும் முடிச்சு மாறி வந்திருக்கிறது. பழைய நோட்டு, நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, மீன் வாடை போகாமல். நரம்பு ஏறிய விரலுக்கு முடிச்சு பிடி கொடுக்கவில்லை. நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டார். பின்னால் இருந்த அம்மா ஒருவர், "விடுங்கப்பா, பெரியவங்க பொறுமையா குடுக்கட்டும்" என்று தன் பின்னாலிருந்தவர்களைத் தடுத்துக்கொண்டார். யாரென்று தெரியாது, நெற்றியில் பெரிய குங்குமம். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஒருவழியாக முடிச்சு அவிழ்ந்தது. நோட்டை உண்டியலில் போட்டார். "பதிமூணு" என்றார், சத்தமாக, மீன் எண்ணிக் கூடையில் போடுகிற குரலில். நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் பீடத்தின் பக்கம் திரும்பினார், நற்கருணை அப்பம் இருக்கிற இடத்தைப் பார்த்து.

"கட்டை அவுத்துட்ட ஆண்டவரே" என்றார்.

பாட்டின் பதினாறாவது வசனம். நான் ஏழு நாளும் படித்தது. எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. மகன், அப்பாவின் கணுக்கால், இன்குபேட்டர், லிஃப்ட், ஸ்டூல் கொடுத்த கடைக்காரர் எல்லாம் ஒன்றாக வந்தன. நன்றி, நன்றி என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. எதற்கு என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. இப்போதும் வரவில்லை. அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி, எத்தனை மணிக்கு வெளியே வந்தோம், ஒன்றும் ஞாபகமில்லை.

வெளியே வந்தால் அம்மாவின் செருப்பைக் காணோம். அவசரத்தில் நான்தான் ஒரு ஓரமாக விட்டிருந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரின் வாசலிலேயே! உள்ளே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சும்மா இரு. இப்பத்தான் கணக்கு முடிஞ்சிருக்குது, மறுபடியும் ஆரம்பிக்காத" என்றார். புதுசு வாங்கவும் விடவில்லை. வெறுங்காலோடு மெட்ரோவில் கால் நீட்டி உட்கார்ந்து வந்தார்.

ராத்திரி சாப்பிட்டதும், "இன்னைக்கு இன்னா பாட்டு?" என்றார். சாமியார் சொன்ன ஏழு நாள் முடிந்துவிட்டதே என்றேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. மனைவி புத்தகத்தை எடுத்து நீட்டினாள். சரி, அடுத்தது 117. திருப்பாடல்களிலேயே சின்னது, ரெண்டே வசனம். ஒரு மூச்சில் படித்துவிட்டேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"அப்ப இன்னொருவாட்டி படி."