சூடுபட்ட இலையில் ஆர்என்ஏ திருத்தத்தை அளப்பது

செடியின் பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் ஆர்என்ஏ உருவான பிறகு, சில குறிப்பிட்ட இடங்களில் 'சி' எழுத்து 'யு' ஆக மாறுகிறது. இதுதான் ஆர்என்ஏ திருத்தம். அந்த இடங்களைக் கண்டுபிடிப்பவை பிபிஆர் புரதங்கள். மோர்ஃப் புரதங்கள் அவற்றுக்குத் துணை நிற்கும். ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் செடியில் பிபிஆர் மரபணுக்களே சுமார் 450 இருக்கின்றன. வெப்பம் தாக்கினால் பசுங்கணிகத்தில் சில இடங்களின் திருத்தம் குறையும். அதை அளக்கும்போதுதான் சிக்கல். டிஎன்ஏவில் இருப்பதும் அதே 'சி'தான். துளி டிஎன்ஏ கலந்துவிட்டாலும் திருத்தம் குறைந்ததுபோலவே தெரியும்.

சிங்கப்பூரில் வளர்ப்பறையை விட்டு வெளியே வந்தாலே தொல்லை. 22 டிகிரியில் வளர்ந்த செடியை 31, 32 டிகிரி நடைபாதை வழியாகத் தூக்கிப்போனால், ஒப்பீட்டுக்கு வைத்த செடியும் சூடுபட்டதாகிவிடும். அதனால் அறைக்குள்ளேயே இலையைக் கிள்ளி அந்த நொடியே திரவ நைட்ரஜனில் போடுகிறோம். இலையின் வயதும் கிள்ளும் நேரமும் எல்லாச் செடிக்கும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பீங்கான் கல்வத்தை நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்த பிறகே அரைக்கவேண்டும். பொடி வெளிர்பச்சையாக, மாவுபோல உதிரவேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் சில நொடிகளிலேயே அதன்மேல் பனியாகப் படியும். பொடி கரும்பச்சையாகி ஓரத்தில் ஒட்டத் தொடங்கினால் உருகிவிட்டது என்று பொருள். அதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள், ஆர்என்ஏ சிதையத் தொடங்கியிருக்கும்.

100 மில்லிகிராம் பொடிக்கு ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் ட்ரைசால் திரவம் 1 மில்லிலிட்டர், பிறகு 200 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம். குலுக்கி, 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். ஆர்என்ஏ இருக்கும் மேலடுக்கு முழுவதையும் உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். நடுவில் வெள்ளையாகத் தெரியும் படலத்தில்தான் டிஎன்ஏ இருக்கிறது; அதற்கு மேலே கொஞ்சம் மிச்சம் விடுங்கள். பிறகு 37 டிகிரியில் 30 நிமிடம், டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி. ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் தலைகீழ்ப்படி நொதி சேர்க்காத குழாயையும் கூடவே, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் 35 சுற்று ஓட்டுங்கள். அதில் பட்டை தெரிந்தால் டிஎன்ஏ மிச்சமிருக்கிறது, மறுபடி டிஎன்ஏஸ்தான். இந்தக் குழாயைக் காட்டாத முடிவை நாங்கள் நம்புவதில்லை.

சிடிஎன்ஏ, அதாவது ஆர்என்ஏவின் டிஎன்ஏ படி, செய்ய பாலி ஏ வாலில் ஒட்டும் ஒலிகோ டிடி வேண்டாம்; எங்கும் ஒட்டும் ஆறெழுத்துத் துண்டுகளான ரேண்டம் ஹெக்ஸாமர் போடுங்கள். பசுங்கணிக ஆர்என்ஏவுக்கு நிலையான பாலி ஏ வால் கிடையாது. பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிசிஆர் பிரைமர் எந்தத் திருத்த இடத்தின்மேலும் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் திருத்தியதையோ திருத்தாததையோ மட்டும் பொறுக்கிப் பெருக்கிவிடும்.

எழுத்துவரிசையைப் படிக்கும் சேங்கர் வரைபடத்தில் ஆர்என்ஏவின் 'யு', 'டி' ஆகத் தெரியும். திருத்த இடத்தில் 'டி' உச்சியின் உயரத்தை 'சி', 'டி' இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் திருத்த விகிதம் வந்துவிடும். திருத்திய, திருத்தாத வரிசைகளைத் தாங்கிய பிளாஸ்மிட்களை (வட்ட டிஎன்ஏக்களை) 25, 50, 75 சதவீதமாகக் கலந்து முதலில் அளவுகோலைச் சரிபாருங்கள். தொடக்கத்துக்கு பசுங்கணிகத்தின் என்டிஎச்டி மரபணுவில் முதல் திருத்த இடம் நல்லது. அங்கே ஏசிஜி, ஏயுஜி ஆக மாறினால்தான் வழக்கமான தொடக்கக் குறி கிடைக்கும். சாதாரண இலையிலேயே அது பாதியளவுதான் திருத்தப்படுவதால், ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே கண்ணில் படும்.

திருத்தம் குறைந்தது உறுதியானாலும் பழியை உடனே மோர்ஃப் மரபணுமேல் போடமுடியாது. படியெடுப்பு திடீரென்று கூடினால், புதிய ஆர்என்ஏ திருத்தப்படாமலே குவியும். விகிதம் அப்போதும் இறங்கும். அதனால் என்டிஎச்டி ஆர்என்ஏவின் மொத்த அளவையும் அதே மாதிரியில், அளவைக் காட்டும் பிசிஆரான க்யூபிசிஆரில் பார்த்துவிடுங்கள். மோர்ஃப்2 இழந்த செடியை வைத்து நிரூபிக்கலாம் என்றால், அது சூடே படாமல் வெளிறிப்போகிற செடி; அதில் சூட்டின் விளைவை மட்டும் பிரித்துக் காட்டுவது கடினம்.