நகையை அடகு வைக்கும் முன்

"மிஸ், ஸ்டெம் செல் போட்டா பேச்சு வந்துடுமாமே?"

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்; அதை உடம்பில் ஏற்றுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்டவர் மூன்றரை வயதுப் பையனின் அம்மா. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டினார். பேசாதிருந்த குழந்தை, சிகிச்சைக்கு ஆறு மாதம் கழித்து "அம்மா" என்கிறது. நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சாம்.

அந்த வீடியோ பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆறு மாதத்தில் குழந்தை வளரவும் செய்கிறதே! என்னிடம் வரும் ஒரு பையன், தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப் போவான். இப்போது டம்ளர் படத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறான். நடுவில் ஊசி போட்டிருந்தால் பெயரெல்லாம் ஊசிக்குத்தான் போயிருக்கும்.

எது ஊசியால், எது வளர்ச்சியால் என்று பிரித்துப் பார்த்த ஆய்வு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜோன் கர்ட்ஸ்பெர்க், ஜெரால்டின் டாசன் குழுவினர் முதலில் 25 குழந்தைகளுக்கு, பிறந்தபோது சேமித்த, ஸ்டெம் செல் உள்ள அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையே ஏற்றினார்கள். 2017-இல் வெளியான முடிவில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. அடுத்து 2 முதல் 7 வயது வரை 180 குழந்தைகள். சிலருக்குச் சொந்த ரத்தம், சிலருக்கு வேறொருவர் தானம் தந்தது, சிலருக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. 2020-இல் முடிவு வந்தது: மற்றவர்களோடு பழகும் திறனில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளிடம் மட்டும் சில அளவீடுகளில் நல்ல அறிகுறி தெரிந்தது. அதை மேலும் ஆராய வேண்டும், மனதார விரும்புகிறேன்.

இங்கே பல இடங்களில் விற்கப்படுவதோ வேறு. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஏற்றுகிறார்கள். நகம் வெட்டவே நாலு பேர் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு! ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

"ஆராய்ச்சிதான் பண்றோம்" என்று யாராவது சொன்னால், இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பரிசோதனை மருந்துக்கு உங்களிடமே லட்சக்கணக்கில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த அம்மா, கணவரையும் மாமியாரையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். டியூக் ஆய்வின் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், மாமியாரும் படிக்கிற மாதிரி.