எட்டு வருஷத் தவணை

காலையில் சம்பளச் சீட்டைத் திறந்தேன். பணம் கைக்கு வருமுன்னே வரி போயிருந்தது.

எட்டிப் பார்த்த நண்பர் சிரித்தார். "நீங்களும் எட்டு வருஷத் தவணை கேளுங்களேன் சார்!"

2017 அமெரிக்க வரிச் சட்டத்தைச் சொல்கிறார். கம்பெனி வரி 35 சதவீதத்திலிருந்து 21 ஆனது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டில் தேங்கிய பழைய லாபத்துக்கு, ரொக்கம் என்றால் 15.5 சதவீத வரி, மற்றதற்கு 8. அதையும் வருஷத்துக்கு ஒன்றாக எட்டுத் தவணையில், வட்டியில்லாமல் கட்ட விட்டார்கள். முதல் ஐந்து வருஷமும், வருஷத்துக்கு அந்த வரிப் பாக்கியில் 8 சதவீதம்தான்.

வெளிநாடு என்பதே கணக்கில்தான். கணிசமான பணம் அமெரிக்க வங்கிகளிலும் பத்திரங்களிலுமே கிடந்தது!

2004-இல், வெளிநாட்டு லாபத்தை ஊருக்குக் கொண்டுவந்தால் 5.25 சதவீத வரி போதும் என்று சலுகை கொடுத்த சட்டத்தின் பெயரிலேயே 'வேலை உருவாக்கம்' இருந்தது. வந்த பணமோ பெரும்பாலும் பங்குதாரர்களிடம் போனது. கம்பெனிகள் சொந்தப் பங்கையே திரும்ப வாங்கின.

எனக்கு ஒரு மாதத் தவணைகூடக் கிடையாது.