மேல் பொத்தான்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் கழித்துத்தான், உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்காக (ஹைபர்பேரிக்) அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் படுத்தார். உள்ளே காற்றழுத்தம் வெளியே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சுவாசிப்பது முழுக்க ஆக்சிஜன். அழுத்தம் ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கச் சொல்லி நான் வெளியிலிருந்து தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன். விழுங்கிவிட்டு இடது கட்டைவிரலைத் தூக்குவார்.

அந்த அழுத்தத்தில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே ஆக்சிஜன் கூடுதலாகக் கரைகிறது. சாகாமல் முடங்கிக் கிடக்கும் மூளைச் செல்களை அது எழுப்பும் என்பது நம்பிக்கை. 2013இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்றில் 74 பேர். 40 அமர்வுகளுக்குப் பிறகு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒரு பிரிவினருக்குச் சிகிச்சை போலவே தோன்றும் போலிச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சிகிச்சை மையத்தில் எங்களிடம் பேசியவரோ ‘கை கண்டிப்பாக வந்துவிடும்’ என்றார். அப்படி வாக்குக் கொடுத்திருக்கவே கூடாது. காதையும் நுரையீரலையும் பரிசோதிக்காமல் யாரையும் உள்ளே அனுப்பச் சம்மதிக்காதீர்கள்.

இருபதாவது அமர்வுக்கு அப்புறம் ஒருநாள், அப்பா சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டார். வலது கை விரல்கள் நடுங்கின. நாலு நிமிடம் ஆனது. ஆக்சிஜனுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. பிசியோதெரபியை அவர் ஒரு நாளும் விடவில்லை. போட்டு முடித்ததும் கழற்றிவிட்டு, மறுபடியும் போட ஆரம்பித்தார்.