என் நோக்கியா 1100

2003-இல் வந்த நோக்கியா 1100தான் என் முதல் கைபேசி. உலகம் முழுக்க 25 கோடி அளவுக்கு விற்ற மாடல். அதில் ஒன்று என்னுடையது என்பதில் இன்னும் ஒரு சின்னப் பெருமை.

ஆங்கிலத்தில் ‘எஸ்’ வேண்டுமென்றால் 7-ஐ நான்கு முறை அமுக்க வேண்டும். அவசரத்தில் ஐந்தாவது முறை அமுக்கிவிட்டால் 7 என்றே வந்து நிற்கும், அழித்துவிட்டு மறுபடியும் அமுக்கு. ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துதான். அதற்குள் சண்டையும் போட வேண்டும், சமாதானமும் ஆக வேண்டும்! ஆனாலும் திரையைப் பார்க்காமலே மேசைக்கு அடியில் டைப் செய்துவிடுவேன். இன்றைய தொடுதிரையில் நடக்குமா?

அப்புறம் உச்சியில் அந்த டார்ச். கரண்ட் போனதும் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள். (சரி, என் போனைத்தான்.) பாம்பு விளையாட்டில் மட்டும் தம்பியின் ஸ்கோரைக் கடைசிவரை தாண்டவே முடியவில்லை. இன்றும் சொல்லிக் காட்டுகிறான்.